ஒரே செட்டிநாட்டில் மூன்று சாம்பியன்கள் எப்படி?

காரைக்குடிப் பக்கம் கல்லூரி வாசல்களில் வருஷத்துக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு ஃபிளெக்ஸ் தொங்கும். நடுவில் கோப்பை, இரண்டு பக்கமும் ஜெர்சி போட்ட பெண்கள், கீழே ‘பெண்கள் கூடைப்பந்து – பல்கலைக்கழகச் சாம்பியன் – தோல்வியே காணாத சீசன்’. பத்து நாள் கழித்து வேறொரு கல்லூரி வாசலிலும் கிட்டத்தட்ட அதே வாசகம் வரும். புதுக்கோட்டைப் பக்கம் போனால் மூன்றாவதாக ஒன்றும் கண்ணில் படலாம். எது உண்மை என்று டீக்கடையில் சண்டை வேண்டியதில்லை, மூன்றும் உண்மையாக இருக்க வழி உண்டு. அந்த வழியைப் புரிந்துகொள்ள, கல்லூரி விளையாட்டில் ‘சீசன்’ என்று எதைச் சொல்கிறார்கள் என்பதில் தொடங்க வேண்டும்.

சீசன் என்ற சொல்

நமக்கு சீசன் என்றால் குற்றாலம். கூடைப்பந்துக்கு அந்தச் சொல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கல்லூரி அணிகள் நவம்பரில் ஆடத் தொடங்கினால் ஏப்ரல் தொடக்கம் வரை ஆடும். ஓர் அணிக்கு ஏறக்குறைய முப்பது ஆட்டம் கிடைக்கும். கடைசிக் கட்டம் வரை போனால் இன்னும் கூடும். 2023–24இல் தென் கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணி 38 ஆட்டம் ஆடி 38இலும் ஜெயித்தது. இறுதிப் போட்டியில் அயோவாவை 87–75 என்று வென்றது. கனெக்டிகட் பெண்கள் அணி தொடர்ந்து 111 ஆட்டம் ஜெயித்து, 2017இல்தான் தோற்றது.

முப்பத்தெட்டு ஆட்டம் என்பது நல்ல நாள், கெட்ட நாள், காய்ச்சல், பரீட்சை, சுளுக்கு எல்லாவற்றையும் சலித்துவிடும். கடைசியில் மிஞ்சுவது அணியின் உண்மையான தரம். நம் ஊர்க் கல்லூரி அணி ஒரு கல்வியாண்டில் ஆடும் அதிகாரபூர்வ ஆட்டங்களையோ விரல் விட்டு எண்ணிவிடலாம். ‘தோல்வியே காணாத சீசன்’ என்று எழுதினால் பொய்யில்லை. ஆனால் அது நாலே ஆட்டமாக இருக்கலாம். அதற்காக அந்தப் பெண்களின் வெற்றியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஏன் கூடாது என்பது நாக்-அவுட் கணக்கைப் பார்த்தால் தெரியும்.

ஏணியும் அதன் படிகளும்

ஒரு கல்லூரி மாணவி கூடைப்பந்தில் ஏறும் படிகள் இவை:

1. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. ஒரே பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் மட்டும் மோதும். ஃபிளெக்ஸில் வரும் ‘பல்கலைக்கழகச் சாம்பியன்’ பட்டம் இங்கே கிடைப்பது.

2. பல்கலைக்கழக அணித் தேர்வு. எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி, சில நாள் முகாம் வைத்து ஓர் அணியாக்குவார்கள்.

3. தென்மண்டலப் போட்டி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து நடத்துவது. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகியவற்றின் பல்கலைக்கழகங்கள் நம் மண்டலத்தில் வரும். ‘சவுத் ஸோன்’ என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான்.

4. அகில இந்தியப் போட்டி. மண்டலத்துக்கு முதல் நான்கு என்று பதினாறு அணிகள் வரும்.

5. கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள். 2020இல் புவனேஸ்வரில் தொடங்கியது. அகில இந்திய அளவில் முன்னிலைக்கு வந்தவர்களுக்குத்தான் இங்கே இடம்.

முதல் படியிலேயே கல்லூரி அணியின் வேலை முடிந்துவிடுகிறது. இரண்டாம் படியிலிருந்து மேலே கல்லூரியின் பெயரே கிடையாது, ஜெர்சியில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். ‘எங்க காலேஜ் சவுத் ஸோன் போகுது’ என்று யாராவது சொன்னால், ‘எங்க காலேஜ் பிள்ளைகள் மூணு பேர் போறாங்க’ என்று திருத்தி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சரி, மூன்று சாம்பியன்கள் எப்படி? செட்டிநாடு ஒன்று, ஏணி மூன்று. அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் தொடங்கிய கலைக் கல்லூரி இன்று அரசு கலைக் கல்லூரி. அது 1985இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பள்ளத்தூர் சீதாலட்சுமி ஆச்சி கல்லூரியும், காரைக்குடி உமையாள் ராமநாதன் மகளிர் கல்லூரியும் அதே குடையின் கீழ் வருகின்றன. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள்தான் அந்தக் குடையின் எல்லை. அதே செட்டியார் 1952இல் தொடங்கிய பொறியியல் கல்லூரியோ அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. செட்டிநாட்டின் வடக்கு ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் விழுகின்றன. அந்தப் பக்கத்துக் கலைக் கல்லூரிகளுக்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம்.

ஆக, ஒரே ஊரில், ஒரே வள்ளலின் பெயர் தாங்கிய இரண்டு கல்லூரிகள் பல்கலைக்கழகப் போட்டியில் ஒருநாளும் மோதப் போவதில்லை. ஆனால் நாற்பது ஐம்பது மைல் தள்ளியிருக்கும் ராமநாதபுரத்துக் கல்லூரியோடு மோதியே ஆக வேண்டும். இந்த மூன்று ஏணிக்காரர்களும் ஒரே தளத்தில் நிற்க வாய்ப்பிருப்பது ஊர்களில் நடக்கும் பொதுப் போட்டிகளில்தான். மாவட்ட அளவில் தொடங்கும் முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு உண்டு. அங்கே பல்கலைக்கழக எல்லை மறைந்து மாவட்ட எல்லை வந்துவிடுகிறது. யார் உண்மையிலேயே பலசாலி என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் அந்த ஆட்டங்களைப் போய்ப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம், இது அதிகம் பேசப்படுவதில்லை. எஸ்.ஆர்.எம். போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கல்லூரி அணியும் பல்கலைக்கழக அணியும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே பன்னிரண்டு பெண்கள் வருஷம் முழுக்க ஒரே மைதானத்தில் ஆடி, ஒரே விடுதியில் தங்கி, ஒருத்தி கண்ணைக் காட்டினால் இன்னொருத்தி எங்கே ஓடுவாள் என்று தெரிந்து வைத்திருப்பார்கள். கல்லூரிகளை இணைத்து நடத்தும் பல்கலைக்கழகத்துக்கு அந்த வசதி இல்லை. நேற்றுவரை எதிரெதிரே முட்டிக்கொண்டவர்களை முகாமில் சேர்த்து, சில நாளில் பழக்கி, ரயிலேற்றிவிட வேண்டும். தென்மண்டலத்தில் சின்ன ஊர்ப் பல்கலைக்கழகங்கள் முதல் சுற்றுகளிலேயே திரும்பிவிட்டால் ‘திறமை போதவில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். திறமையைக் குறை சொல்லும் முன் இந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

நாக்-அவுட் கணக்கு

கூடைப்பந்தில் வழக்கமான ஏற்பாடு ‘நாக்-அவுட் கம் லீக்’. தோற்றால் வெளியே என்ற முறையில் நான்கு அணிகள் மிஞ்சும் வரை போகும். அப்புறம் அந்த நால்வருக்குள் லீக், அதாவது ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் ஒருமுறை ஆடும். உதாரணமாகப் பதினொரு கல்லூரிகள் வந்திருந்தால் ஃபிக்சர், அதாவது யாரோடு யார் என்ற ஆட்ட அட்டவணை, பதினாறு இடத்துக்குப் போடப்படும். ஐந்து அணிகளுக்கு ‘பை’, அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. மீதி ஆறு அணிகள் மூன்று ஆட்டம் ஆடும். பை கிடைத்த அணி சாம்பியன் ஆவதற்கு ஒரு நாக்-அவுட், மூன்று லீக் என நாலு ஆட்டம் போதும். கிடைக்காத அணிக்கு ஐந்து.

இப்போது ஒரு வலுவான அணியை எடுத்துக்கொள்வோம். எந்த எதிராளியோடு ஆடினாலும் ஐந்துக்கு நான்கு முறை ஜெயிக்கக்கூடிய அணி. நாலு ஆட்டத்தையும் தோற்காமல் முடிக்க அதற்கு உள்ள வாய்ப்பு: 0.8 × 0.8 × 0.8 × 0.8 = 0.41. ஐந்து ஆட்டம் என்றால் 0.33. அதாவது, ஊரிலேயே சிறந்த அணிகூடப் பத்து வருஷத்தில் ஆறு வருஷமாவது எங்கேயோ ஓர் ஆட்டத்தில் வழுக்கும். அது நாக்-அவுட் சுற்றாக இருந்தால் அந்த வருஷம் அன்றோடு முடிந்தது. நாலே ஆட்டத்தில் வந்த கோப்பையைக் குறைத்துப் பேச முடியாதது இதனால்தான். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், ஒரு வருஷம் கோப்பை வந்ததை வைத்து ‘அசைக்க முடியாத அணி’ என்றும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து கடைசி நால்வருக்குள் வருகிற அணியைத்தான் நான் நல்ல அணி என்று எண்ணுவேன், கோப்பை இல்லாவிட்டாலும்.

லீக்கில் மூவர் சமம் ஆனால்

நால்வர் லீக்கில் வெற்றிக்கு 2 புள்ளி, தோல்விக்கு 1 புள்ளி. ஆட வராமலே விட்டுவிட்டால் 0. தோற்றவருக்கும் ஒரு புள்ளியா என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். களத்துக்கு வந்து ஆடி முடித்ததற்கான புள்ளி அது.

அ, ஆ, இ, ஈ என்று நான்கு அணிகள். ஈ எல்லோரிடமும் தோற்றுவிட்டது. மற்ற மூவருக்குள் நடந்தது இப்படி: அ அணி ஆ அணியை 12 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. ஆ அணி இ அணியை 5 புள்ளியில். இ அணி அ அணியை 3 புள்ளியில். மூவருக்கும் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, தலா 5 புள்ளி. கோப்பை யாருக்கு?

மூவரும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்து, கூடை வித்தியாசம், அதாவது போட்ட புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் பார்ப்பார்கள்:

1. அ: +12 – 3 = +9
2. இ: +3 – 5 = –2
3. ஆ: +5 – 12 = –7

கோப்பை அ அணிக்கு. ஈ அணியை யார் எத்தனை புள்ளியில் அடித்தார்கள் என்பதற்கு இந்த இடத்தில் மதிப்பில்லை. சின்ன அணியிடம் ஐம்பது புள்ளி வித்தியாசம் காட்டிவிட்டு வந்தவர்களுக்கு இது வயிற்றெரிச்சலாக இருக்கும். இதிலிருந்து இன்னொன்றும் புரியும். தோற்பது உறுதியான ஆட்டத்திலும் கடைசி இரண்டு நிமிஷம் ஏன் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள்? ஆ அணி அந்த 12ஐ 3 ஆகக் குறைத்திருந்தால் அதன் கணக்கு +2, அ அணிக்கு 0. கோப்பை வேறு ஊருக்கு பஸ் ஏறியிருக்கும்.

ஸ்கோர் ஷீட்: ஆட்டத்தின் ஐந்தொகை

செட்டிநாட்டில் ஐந்தொகை பார்க்காமல் கடை லாபம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூடைப்பந்துக்கு அந்த ஐந்தொகை மேசை மேல் கிடக்கும் ஸ்கோர் ஷீட். ஒரு பக்கத்தில் அணியின் மொத்தப் புள்ளியைக் குறிக்க 1, 2, 3 என்று எண்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும். களத்தில் கூடை விழுந்தால் எண்ணின் மேல் சாய்கோடு. ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காக, யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி வாய்ப்பு) விழுந்தால் கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளிக் கூடை என்றால், பக்கத்தில் எழுதிய வீராங்கனையின் எண்ணைச் சுற்றி வட்டம். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் முதல், மூன்றாம் பகுதிகளுக்குச் சிவப்பு மை. மற்றவற்றுக்கு நீலம் அல்லது கறுப்பு. மூன்றாம் பகுதிச் சிவப்பு நீளமாக ஓடியிருந்தால், இடைவேளையில் பயிற்சியாளர் ஏதோ உருப்படியாகச் சொல்லியிருக்கிறார் என்று பொருள்.

பெயர்ப் பட்டியலில் பார்க்க வேண்டியது X குறி. தொடக்கத்தில் இறங்கிய ஐவருக்கு X போட்டு அதைச் சுற்றி வட்டம் இருக்கும். மாற்றாக இறங்கியவர்களுக்கு வட்டமில்லாத X. ஒருமுறைகூட இறங்காதவர்களுக்கு அந்தக் குறியே இருக்காது. பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்குத்தான் X என்றால், ஏழு பேரை வைத்துக் குடும்பம் நடத்துகிற அணி அது. பத்து நிமிஷப் பகுதிகள் நான்கு, அடுத்த நாள் இன்னொரு லீக் ஆட்டம் என்று வரும்போது ஏழு பேர் அணியின் கால்கள்தான் முதலில் பேசும்.

அடுத்தது ஃபவுல் கட்டங்கள். ஒருத்திக்கு ஐந்து. ஐந்தாவது விழுந்ததும் வெளியே போக வேண்டியதுதான். அணிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பகுதியில் நாலு ஃபவுல் ஆனபின், பந்து தங்கள் கையில் இல்லாத நேரத்தில் செய்கிற ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இது ஏன் இவ்வளவு முக்கியம்? நூற்றுக்கு அறுபது ஃப்ரீ த்ரோவைப் போடக்கூடிய பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாய்ப்புக்குச் சராசரியாக 1.2 புள்ளி. அதே பெண் களத்தில் நூற்றுக்கு நாற்பது கூடை (ஒன்றுக்கு இரண்டு புள்ளி) போட்டால் ஒரு முயற்சிக்கு 0.8. மூன்று புள்ளி தரும் 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து நூற்றுக்கு இருபத்தைந்து விழுந்தால் 0.75. அதாவது, யாரும் கையை மறிக்காமல் நின்று எறிகிற அந்த இரண்டு பந்துதான் இந்த அளவு ஆட்டத்தில் மிக மலிவான புள்ளி. கைதட்டல் ‘ட்ரிபிள்’ என்கிற மூன்று புள்ளிக் கூடைக்குத்தான் கிடைக்கும். பல கல்லூரி ஆட்டங்களைத் தீர்மானிப்பது கறுப்புப் புள்ளிகள்.

பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் 42–38 போன்ற ஸ்கோரைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா?’ என்று கேட்பவர்கள் உண்டு. பந்தைக் கைப்பற்றிய 24 வினாடிக்குள் எறிய வேண்டும் என்பது விதி. அதற்கான கடிகாரம் இல்லாத மைதானத்தில் ஆட்டம் இயல்பாகவே மெதுவாகும், முயற்சிகள் குறையும், ஸ்கோரும் குறையும். மீதிக் காரணம் மைதானமே.

வெயில், மழை, ஆறாம் எண் பந்து

கூரையில்லாத சிமென்ட் தளம்தான் நம் பக்கத்தில் பெரும்பாலும் கிடைப்பது. ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பு வீட்டு முற்றத்துக்கு அழகு. ஆடுகளம் அந்த மாதிரி ஆகிவிட்டால் கணுக்கால் போய்விடும். வருஷக்கணக்கில் தேய்ந்த சிமென்ட் அப்படித்தான் ஆகிறது. மேல்மண் படிந்து, அதன்மேல் ஐப்பசி மழை ஒரு தூறல் போட்டால், ஆட்டத்துக்கு முன் ஆடுகிறவர்களே சாக்கைப் போட்டு இழுத்துத் தண்ணீரைத் தள்ள வேண்டியிருக்கும். கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களும், பருவத் தேர்வும், வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வருவது இந்த ஊர்களின் நிரந்தரத் தலைவலி.

பந்து விஷயம் சின்னதுபோல் தெரியும். ஆண்களுக்கு ஏழாம் எண் பந்து. பெண்களுக்கு ஆறாம் எண், சுற்றளவு சுமார் 72 சென்டிமீட்டர். ஏழாம் எண் பந்தைவிடச் சிறியது, எடையும் குறைவு. கூடையின் உயரம் மட்டும் இருவருக்கும் ஒன்றே, 3.05 மீட்டர். பள்ளியில் பையன்களோடு ஒரே பந்தைப் பகிர்ந்து பழகிய பெண், கல்லூரிக்கு வந்து ஆறாம் எண்ணைத் தொட்டதும் எறிகிற பந்தெல்லாம் கூடையைத் தாண்டிப் போகும். கை அந்த எடைக்கு மறுபடி பழக வேண்டும். அதற்கு வேண்டியது நேரம், அதுதான் இங்கே அருமை. நாலரை மணிக்கு வகுப்பு முடிந்து மைதானத்துக்கு வந்தால், ஆறு மணிக்கு டவுன் பஸ். கண்டனூர், புதுவயல், கோட்டையூர் என்று கிளம்ப வேண்டியவர்கள் கடைசிப் பத்து நிமிஷத்தை ஷூ கயிற்றை அவிழ்ப்பதில் கழிப்பார்கள். விடுதி மாணவிகள் அதிகம் உள்ள அணி இருட்டும் வரை ஆடலாம். எந்தக் கல்லூரி அணி இந்த வருஷம் தேறும் என்று ஊகிக்க, எத்தனை பேர் விடுதியில் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்பதும் ஒரு வழி.

கோப்பைக்கு அப்புறம்

இந்த வெற்றியால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைக்கிறது? இங்கேதான் பெற்றோர்கள் அதிகம் குழம்புகிறார்கள்.

1. கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பைக்கு வரும் சான்றிதழ் பெருமைக்கு உரியது, மேற்படிப்பு விண்ணப்பத்தில் சில இடங்களில் உதவும். அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அதை மட்டும் வைத்துப் பெரிதாக எதுவும் நடக்காது.

2. மத்திய அரசுப் பணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு என்று சான்றிதழ்ப் படிவங்கள் உண்டு. நாட்டுக்கு ஆடியவர்களுக்கு முதல் படிவம், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்கு இரண்டாவது, பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர்களுக்கு மூன்றாவது. கல்லூரிக்கு மட்டும் ஆடியவர்களுக்குப் படிவம் கிடையாது.

3. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதன் தகுதிப் பட்டியல் தனி. விண்ணப்பிக்கும் வருஷத்து அறிவிப்பைப் படித்துவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

பெண்கள் கூடைப்பந்தில் வேலை என்றால் நீண்ட காலமாக ரயில்வேதான். சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியராக இருந்துகொண்டே இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2017இல் பெங்களூரில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75–73 என்று வென்று ஆசியக் கோப்பையின் பி பிரிவைக் கைப்பற்றிய அணியிலும் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த உயரம் எல்லோருக்கும் வாய்க்காது. மூன்றாம் படிவம் வரை போவது, காரைக்குடியிலோ பள்ளத்தூரிலோ படிக்கும் ஒரு நல்ல ‘கார்டு’க்கு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பெண்ணுக்கு, எட்டாத கனியல்ல.

ஆகவே கோப்பை ஜெயித்த வாரத்தில் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி, ‘யூனிவர்சிட்டி டீமுக்கு எடுத்துட்டாங்களா?’ என்பது. எடுத்துவிட்டால், சவுத் ஸோன் முடிந்து வந்ததும் அந்தப் படிவத்தைக் கையோடு வாங்கிவிட வேண்டும். போட்டி நடந்த ஊர், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, அணி பெற்ற இடம் நான்கும் அதில் நிரம்பியிருக்க வேண்டும். கையெழுத்து பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் இயக்குநருடையதாகவோ, அங்கே விளையாட்டுக்கு முழுப் பொறுப்பான அதிகாரியுடையதாகவோ இருக்க வேண்டும். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட தாளை வைத்துக்கொண்டு நாலு வருஷம் கழித்து வேலைக்கு விண்ணப்பித்தால், அது செல்லாது.